பின் சீட்டுக்குக் கொஞ்சம் கரண்ட்!

மவுண்ட் ரோடில் எல்.ஐ.சி. கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ராயப்பேட்டைப் பக்கம் திரும்புகிறது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. யார் அந்த ஜெனரல் என்று அந்தத் தெருவில் யாருக்கும் கவலை இல்லை. ‘ஜி.பி. ரோடு’ என்றாலே ஆட்டோக்காரர், "கார் சாமான் வாங்கணுமா சார்?" என்பார். சீட் கவர், ஸ்டியரிங் உறை, தலையாட்டும் பொம்மை, செத்தவனையும் எழுப்புகிற ஹாரன், ஸ்பீக்கர், கலர் கலராக எரியும் விளக்கு... கடை வாசலிலேயே காரை நிறுத்தி, நாலு கதவையும் திறந்து போட்டு, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இரண்டு பையன்கள் உள்ளே குனிந்து கிடப்பார்கள். ஓனர் வெளியே நகம் கடித்துக்கொண்டு நிற்பார். கார் இல்லாதவர்களும் ஒரு தடவை வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். கார் வாங்கும் ஆசை வந்துவிடும், அல்லது அடியோடு போய்விடும்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை மச்சானோடு அங்கே போனேன். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். கையில் பத்து வருஷப் பழைய வேகன்-ஆர். கோரிக்கை ரொம்பச் சின்னது. பின் சீட் பக்கத்தில் ஒரு 12 வோல்ட் சாக்கெட், அதாவது சிகரெட் லைட்டர் குழி. சாவி போட்டால் கரண்ட் வரணும், சாவியை எடுத்தால் நின்றுவிடணும். அவ்வளவுதான்.

சிகரெட்டுக்கு அல்ல. என் மாமியாருக்கு. அவருக்கு வீசிங். ஒன்றரை, இரண்டு மாசத்துக்கு ஒருமுறை திருநெல்வேலிக்கும் சென்னைக்குமாகப் போய்வருவார். (நெல்லை எக்ஸ்பிரஸ் வெயிட்டிங் லிஸ்ட் நகருகிற வேகத்துக்குக் காரே தேவலை.) 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம். வழியில் ஒரு தடவையாவது நெபுலைசர் வைத்தாக வேண்டும். உள்ளங்கை அளவில், சார்ஜ் போட்டு வைத்துக்கொள்கிற நெபுலைசரெல்லாம் வந்துவிட்டதே என்பீர்கள். ஒன்று வாங்கியும் கொடுத்தோம். அது சத்தமே போடுவதில்லை. ‘டொர்ர்ர்’ என்று கம்ப்ரஸர் ஓடினால்தான் மாமியாருக்கு மருந்து உள்ளே போகிற நம்பிக்கை. அந்த மிஷின் 230 வோல்ட்டில் ஓடுவது. அதற்கு ஒரு குட்டி இன்வெர்ட்டர், இன்வெர்ட்டருக்கு ஒரு சாக்கெட். முன்னால் டேஷ்போர்டில் இருக்கிற சாக்கெட்டிலிருந்து ஒயரைப் பின்னால் இழுத்தால், கியர் மாற்றும்போதெல்லாம் கை மாட்டுகிறது.

இதற்காக மச்சான் ஏற்கெனவே ஒரு இடத்தில் வேலை செய்து வாங்கியிருந்தான். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். இருபது நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார்களாம். சாக்கெட் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு விநோதம்... பார்க்கிங் லைட்டைப் போட்டால்தான் அதில் கரண்ட் வரும்! பட்டப்பகலில் மாமியார் மூச்சு வாங்க வேண்டுமென்றால் வண்டி விளக்கு எரிய வேண்டும். எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாம் கையை மூடித் திறந்து, ‘லைட் எரியுது, லைட் எரியுது’ என்று ஜாடை காட்டிக்கொண்டே போனார்கள். நல்ல மனசுக்காரர்கள்.

போன தடவை திண்டிவனம் தாண்டியதும் மாமியார் மூக்கைச் சுளித்தார். "ஏதோ கருகுத வாடை வருதே, ஒங்களுக்கு வரலியா?" வயலில் சருகு எரிக்கிறார்கள் என்று நினைத்து ஜன்னலை ஏற்றினோம். ஏற்றியதும் வாடை இன்னும் அதிகமானது. அப்போதுதான் அது வெளியிலிருந்து வரவில்லை என்று புரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, இன்வெர்ட்டரைப் பிடுங்கி, கதவுப் படியோரம் கார்ப்பெட்டைத் தூக்கினால், முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் கறுத்து, இளகி, பஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் டாங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? பின் சீட்டுக்கு நேர் கீழே. மாமியாரிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவர் படிப்பார் என்பது வேறு விஷயம்.

ஆகவே ஜி.பி. ரோடு. முதல் இரண்டு கடைகளில் நாங்கள் கேட்டது சாக்கெட். அவர்கள் காட்டியது பின் சீட்டுக்கு டி.வி. மூன்றாவது கடையில் ஒரு இளைஞர் நாங்கள் சொன்னதை முழுசாகக் கேட்டார். கறுத்துப்போன ஒயரின் போட்டோவைப் பார்த்தார். "சாக்கெட், ரிலே, ஒயர் எல்லாம் நான் தரேன் சார். ஆனா இது எலக்ட்ரீஷியன் வேலை. எங்க பசங்க சீட் கவர் போடுவாங்க. நீங்க புதுப்பேட்டை போயிடுங்க" என்றார். விற்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். சாமான்களை அங்கேயே வாங்கினோம்.

பின் சீட்டுக்குக் கரண்ட் கொண்டுபோவது இந்த வட்டாரத்துக்குப் புதுசு இல்லை. அம்பாஸடர் காலத்தில் ஏ.ஸி. கிடையாது. பின் சீட்டில் உட்காருகிற பெரிய மனிதர்களுக்காக ஒரு குட்டி மின்விசிறி கரகரவென்று சுற்றும். மேலே சுழலுகிற சிவப்பு விளக்கு, பின்னால் படிக்கிற விளக்கு என்று எல்லாவற்றுக்கும் டேஷ்போர்டில் தனித்தனி சுவிட்ச் வரிசை. 2014-ல் அம்பாஸடர் உற்பத்தி நின்றது. 2017 மே 1 முதல் சிவப்பு விளக்குக்கும் விடை கொடுத்தாயிற்று. அந்த சுவிட்சுகளைப் பொருத்திய கைகள் இன்னும் ஒன்றிரண்டு இருக்கின்றன.

மவுண்ட் ரோட்டைத் தாண்டி வடக்கே, எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில், கூவத்தை ஒட்டி இருக்கிறது புதுப்பேட்டை. ஜி.பி. ரோடிலிருந்து கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர்தான். ஒன்-வே தயவில் அரை மணி ஆயிற்று. ஜி.பி. ரோடு கல்யாண மண்டபம் என்றால் இது சமையல்கட்டு. பளபளப்பு கிடையாது. கிரீஸ், துரு, டீ, கூவம் எல்லாம் கலந்த ஒரு வாசனை. நடைபாதையில் பம்ப்பர்கள் சாய்ந்திருக்கும். கதவுகள் கதவுகளாகவே அடுக்கியிருக்கும். ஹெட்லைட்டுகள் ஜோடி ஜோடியாக உங்களையே முறைக்கும். ‘காலையில் காணாமல் போன ஸ்கூட்டர் சாயங்காலம் புதுப்பேட்டையில் பார்ட் பார்ட்டாக’ என்பது சென்னையின் புராதன ஜோக். இத்தனைக்கும் பழைய போலீஸ் கமிஷனர் ஆபீஸ் (இப்போது போலீஸ் மியூசியம்) எழும்பூரில் எட்டிப் பார்க்கிற தூரம்தான். 2006-ல் வந்த சினிமாவைப் பார்த்துவிட்டு, கத்தியோடு யாராவது நிற்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கையில் ஸ்பேனரோடு நிற்கிறார்கள். "இன்னா வண்டி? இன்னா மாடல்?" என்று கேட்டுவிட்டு, எங்கிருந்தோ அந்தப் பழைய மாடலின் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்துவிடுகிறார்கள்.

நாங்கள் தேடிப்போனவரை எல்லோரும் ‘பாய்’ என்றே கூப்பிடுகிறார்கள். வயசு அறுபதைத் தாண்டியிருக்கும். ஆறடிக்கு எட்டடி கடை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, முதலில் பானெட்டைத் திறக்கவில்லை, பியூஸ் பெட்டியைத் திறந்தார். பின் விளக்குக்கான பியூஸைச் சாமணத்தால் பிடுங்கி மச்சான் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னா கலரு தம்பி?"

"பச்சை."

"பச்சைன்னா 30 ஆம்பியர். இங்க இருக்க வேண்டியது 10. செவப்பு. மொதல்ல ரெண்டு தபா செவப்பு பூட்டுக்கும். மூணாவது தபா வரக்கூடாதுன்னு இத்தப் போட்டுட்டான்."

கம்பெனி போட்ட ஒயர் ஒரு சின்ன பல்புக்கான ஒயர். அதன் காவல்காரன் 10 ஆம்பியர் பியூஸ். காவல்காரன் ‘இதற்கு மேல் தாங்காது’ என்று இரண்டு தடவை உயிரை விட்டிருக்கிறான். அவனை மாற்றிவிட்டு, எதையும் கண்டுகொள்ளாத ஒரு தடியனை உட்கார வைத்துவிட்டார்கள். பியூஸ் என்பது மிஷினைக் காப்பாற்ற என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். முக்கியமாய் அது காப்பாற்றுவது ஒயரை. ஒயர் தாங்குவதற்கு மேல் பியூஸ் போட்டால், அப்புறம் ஒயர்தான் பியூஸ்.

பாய் நெபுலைசரைத் திருப்பி லேபிளைப் படிக்கச் சொன்னார். 90 வாட். இன்வெர்ட்டர் சாப்பிடுகிற கமிஷனையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் சுமார் 9 ஆம்பியர். இதற்கு மூன்று வழிகள் உண்டு என்றார். பக்கத்தில் ஓடுகிற ஏதோ ஒரு ஒயரைக் கீறி ஒட்டுப்போடுவது ஒன்று. அதன் லட்சணத்தைத்தான் திண்டிவனத்தில் பார்த்தோம். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுப்பது இரண்டாவது. கரண்ட் தாராளமாக வரும், ஆனால் ராத்திரி பகல் எந்நேரமும் இருக்கும். இன்வெர்ட்டரைச் செருகியபடி மறந்துவிட்டால், நெபுலைசர் ஓடாமல் சும்மா கிடக்கும்போதே அது கொஞ்சம் கொஞ்சமாய்க் குடிக்கும். 0.3 ஆம்பியர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் அவர். மூன்று நாளில் 21. மச்சான் வண்டி பேட்டரியே 35 ஆம்பியர் அவர்தான். திங்கள்கிழமை காலை சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் முனகும். ஆபீஸுக்கு பஸ்.

"சாவி சுவிட்சுலேர்ந்தே இழுத்துட்டா?" என்றான் மச்சான், மூன்றாவது வழியைத் தானே கண்டுபிடித்த பெருமையோடு.

"சாவிக்குள்ள இருக்கிற கான்டாக்ட் தீஞ்சுபூடும் தம்பி. அதுக்குத்தான் ரிலே."

ரிலே ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். மானேஜர் பெல்லை மட்டும் அழுத்துவார். ஃபைல் மூட்டையைத் தூக்குகிறவர் பியூன். இங்கே சாவி சுவிட்ச்தான் மானேஜர். அது கொடுப்பது 0.2 ஆம்பியருக்குள் ஒரு துளி கரண்ட். அது ரிலேக்குள் இருக்கிற காயிலைக் காந்தமாக்கும். காந்தம் ‘டிக்’கென்று ஒரு தகட்டை இழுக்கும். தகடு சேர்ந்ததும் பேட்டரியிலிருந்து 9 ஆம்பியர் தனிப் பாதையில் பின் சீட்டுக்கு ஓடும். சாவியை எடுத்தால் காந்தம் போச்சு, தகடு விலகிக்கொள்ளும். மானேஜர் கையில் அழுக்கே படாது.

அடியில் நாலு கால். அதில் 30, 87, 85, 86 என்று எண்கள் பொறித்திருக்கும். இது ஜெர்மன்காரர்கள் வகுத்த டி.ஐ.என். 72552 என்ற தர எண். புதுப்பேட்டையிலும் சரி, பெர்லினிலும் சரி, 30 என்றால் பேட்டரியிலிருந்து வருவது, 87 என்றால் சாமானுக்குப் போவது, 85-ம் 86-ம் காயில். பாய்க்கு ஜெர்மனும் தெரியாது, இங்கிலீஷும் அவ்வளவு தெரியாது. "முப்பதுல வாங்கு, எம்பத்தேழுல குடு" என்று உதவியாளன் பையனுக்குச் சொன்னார். வேலை நடந்தது.

முதல் காரியமாய் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். கடைசியில்தான் அதை மாட்டுவார். நடுவில் ஸ்பேனர் எங்கே பட்டாலும் பொறி பறக்காது. அப்புறம், பாஸிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி பியூஸ் ஹோல்டர். அதில் நீல நிற 15 ஆம்பியர். அதை ஏன் பின்னால், சாக்கெட் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று கேட்டேன். சிரித்தார். நடுவழியில் ஒயர் எங்காவது தகரத்தில் உரசித் தோலுரிந்தால் பின்னால் இருக்கிற பியூஸுக்குச் சேதியே போகாது. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளுகிற பேட்டரி, அத்தனையையும் அந்த ஒரு இடத்தில் கொட்டும். "கேட்டு வாசல்ல வாட்ச்மேன் வெக்காம பெட்ரூம்ல வெப்பியா சார்?"

ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர், செம்பு. பேட்டரியிலிருந்து பின் சீட்டுக்கு வளைந்து நெளிந்து போக சுமார் 5 மீட்டர். இந்த ஒயரில் 9 ஆம்பியர் போனால் வழியில் தொலைகிற வோல்ட்டேஜ் 0.3 பக்கம். பழைய ஆள் ஒட்டுப்போட்டது மாதிரி 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதே தூரம் போனால் 1.6 வோல்ட் தொலைந்திருக்கும். தொலைந்தது எங்கே போகும்? சூடாகும். அந்தச் சூட்டோடு முறுக்கிவிட்ட லூஸ் ஜாயின்ட்டும் சேர்ந்தால் கருகுத வாடை. பாய் எங்கேயும் முறுக்கவில்லை. ஒவ்வொரு முனைக்கும் லக் வைத்து, கிரிம்ப்பிங் கருவியால் நசுக்கி, இழுத்துப் பார்த்து, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினார். ஒரு லக் கையோடு வந்தது. உதவியாளனை ஒரு பார்வை பார்த்தார். அவன் ஒன்றும் சொல்லாமல் புதுசு எடுத்தான்.

ரிலேக்குச் சாவியின் சமிக்ஞை வேண்டுமே, அதற்கும் ஒயரை வெட்டவில்லை. முன்னால் இருக்கிற லைட்டர் சாக்கெட்டின் பியூஸ், சாவியை முதல் கட்டைக்குத் திருகினால்தான் உயிர் பெறும். அந்த பியூஸைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பியூஸ் சேர்ந்து உட்காருகிற ஒரு சின்ன அடாப்டரைச் செருகினார். வேண்டாமென்றால் நாளைக்கே பிடுங்கிவிடலாம். புதுக் கார் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒயரைக் கீறினால் கம்பெனிக்காரர்கள் வாரன்டியைக் காட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இன்ஜினுக்கும் உள்ளுக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவரில் ஏற்கெனவே ஒரு ரப்பர் புஷ் உண்டு. ஒயர் அதன் வழியாகவே உள்ளே வந்தது. புதுசாய் ஓட்டை போட்டால் தகர விளிம்பு கத்தி மாதிரி. அப்புறம் கதவுப் படியின் பிளாஸ்டிக்கைக் கழற்றி, கம்பெனி ஒயர் கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே பின்னால் போனார்கள். ஒரு இடத்தில் பையன் கை மஞ்சள் கனெக்டர் ஒன்றின் பக்கம் போக, "தே! மஞ்சளத் தொடாதே!" என்று பாய் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மஞ்சள் என்றால் ஏர்பேக் சமாசாரம். அதில் கைவைத்தால் வெடிக்கலாம், அல்லது வெடிக்க வேண்டிய நாளில் வெடிக்காமல் போகலாம். இரண்டாவதுதான் மோசம்.

எர்த் கொடுக்க, பின்னால் பாடியில் ஒரு போல்ட்டைத் தேடினார். கைக்கு வாகாக சீட் பெல்ட் போல்ட் இருந்தது. அதைத் தொடவே இல்லை. "அது உசுரு புடிக்கிற போல்ட்டு. அதுல வாஷர், லக்குன்னு சொருவக் கூடாது." வேறு இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் மின்னுகிற வரை தேய்த்து, லக்கை இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். பெயின்ட் மேலேயே எர்த் கொடுத்துவிட்டு ‘சாமான் சரியில்லை’ என்று திருப்பிக் கொடுக்க வருகிற கூட்டம் மாசத்துக்கு நாலு பேராவது உண்டாம்.

நடுவில் டீ வந்தது. காசு கொடுக்கப் போன என்னை, "கடைக்கு வந்தவங்க நீங்க" என்று பாய் தடுத்துவிட்டார்.

இரண்டரை மணி நேரம் கழித்து நெகட்டிவ் முனையை மாட்டும் முன்னால், அந்த இடைவெளியில் மீட்டரை வைத்தார். சாவி எடுத்த வண்டி சும்மா நிற்கும்போது எவ்வளவு குடிக்கிறது என்ற கணக்கு. 24 மில்லி ஆம்பியர். 50-க்குள் இருந்தால் கவலையில்லையாம். இன்வெர்ட்டரைச் செருகியபடியே அளந்தது அது. ரிலே நிஜமாகவே கதவைச் சாத்தியிருக்கிறது.

பிறகு மச்சான் சாவியை முதல் கட்டைக்குத் திருகினான். பானெட்டுக்கு அடியில் ‘டிக்’. பின் சீட்டில் நெபுலைசர் ‘டொர்ர்ர்’. விளக்குகள் எரியவில்லை. சாவியை எடுத்தான், நின்றது. மறுபடி போட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தபோது நெபுலைசர் ஒரு கணம் நின்று ஓடியது. மச்சான் முகம் மாறியது. ஸ்டார்ட் ஆகிற அந்த ஒரு நொடி மட்டும் மற்ற எல்லாவற்றையும் சாவி சுவிட்ச் துண்டித்துவிடும், முழு பலமும் ஸ்டார்ட்டருக்கு என்று விளக்கினார் பாய்.

"வண்டி நின்னுக்கினு இருக்கும்போது அம்மாவுக்கு மிஷின் வெக்கணும்னா?"

"சாவிய மொதக் கட்டையில வெச்சுடுவேன், பாய்."

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம்."

பத்து நிமிஷத்துக்கு 1.5 ஆம்பியர் அவர். 35-ல் அது ஒன்றுமே இல்லை. தலையாட்டினார். "அரை மணி ஆச்சுன்னா இன்ஜினப் போட்டுக்கோ."

பின் விளக்கின் பச்சை பியூஸ் போய் சிவப்பு வந்தது. கருகிய பழைய ஒயரை ஒரு கவரில் போட்டு, "வீட்ல வெச்சுக்கோ" என்று மச்சானிடமே கொடுத்துவிட்டார். கூலி கேட்டபோது சொன்ன தொகை, அந்தப் பழைய இருபது நிமிஷ வேலைக்கு வாங்கியதைவிட நானூறு ரூபாய் அதிகம். மச்சான் அக்கவுண்ட்ஸ்காரன். பேரம் பேச வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். மூடிக்கொண்டு ஜி-பே செய்தான்.

"அத்தான், அம்மாகிட்ட என்ன சொல்ல?" என்றான் ஏறும்போது.

"புது சாக்கெட்னு சொல்லு மாப்ளே. பெட்ரோல் டாங்க் கதையெல்லாம் வேண்டாம்."

கிளம்பப் போனவர்களைப் பாய் நிறுத்தினார். ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து, பின்பக்கத்தில் பால்பாயிண்டால் ஒரு கோடு போட்டார். பேட்டரி, பியூஸ் 15, ரிலே, இடது படி, பின் சீட், எர்த் எங்கே என்று சின்னச் சின்ன எழுத்தில் குறித்தார். அதை பியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டினார்.

"எதுக்கு பாய்?"

"நாளைக்கு வேற எவனாச்சும் தொறந்து பாப்பான்ல. அவனுக்கு."